எட்டு லட்சம் பாத் யார் பேரில் இருக்கிறது?

தாய்லாந்தில் ஓய்வு விசா வாங்க என்ன வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள்: 50 வயது ஆகியிருக்க வேண்டும், தாய் வங்கியில் 8 லட்சம் பாத் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் எனக்குப் போன் செய்கிறவர்கள் இந்த விவரத்தைத் தெரிந்துகொண்டுதான் பேசவே தொடங்குகிறார்கள். "சார், எட்டு லட்சத்துக்கு ஏற்பாடு பண்ணிட்டேன். இன்னும் என்ன?"

இன்னும் நிறைய இருக்கிறது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, என்றைக்கு வந்தது, எந்த மாதத்தில் எவ்வளவு இருந்தது, யார் பேரில் இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்துத்தான் குடிவரவு அலுவலகத்தில் முத்திரை குத்துகிறார்கள். இதில் யார் பேரில் என்ற கேள்வியை, கணவன் மனைவியாக வருகிறவர்களில் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணம் அதுதான். ஆனால் அங்கே போவதற்கு முன் கணக்கைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

மகள் பாங்காக்கில் வேலை செய்கிறாள். பேரன் பிறந்த பிறகு நானும் மனைவியும் சென்னை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டோம். நாங்கள் எடுத்தது நான்-இமிக்ரண்ட் ஓ என்ற வகை. முதலில் 90 நாள் அனுமதி, அதற்குள் இங்கேயே ஓராண்டு நீட்டிப்பு, பிறகு ஆண்டுதோறும் புதுப்பிப்பு. இன்னொரு வகை ஓ-ஏ. அதை நம் ஊரிலுள்ள தாய் தூதரகத்திலேயே வாங்கலாம், பணத்தையும் நம் ஊர் வங்கியிலேயே காட்டலாம். ஆனால் காவல்துறைச் சான்றிதழும் மருத்துவச் சான்றிதழும் வேண்டும். 2019 அக்டோபர் 31 முதல் மருத்துவக் காப்பீடும் கட்டாயம். அந்தக் காப்பீட்டுத் தொகையைப் பின்னர் 30 லட்சம் பாத்துக்கு உயர்த்திவிட்டார்கள். அறுபதைத் தாண்டியவருக்கு, அதுவும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பவருக்கு, அந்த அளவுக்குக் காப்பீடு எடுப்பது எவ்வளவு சிரமம் என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் பலரும் ஓ வகைக்கு வருகிறார்கள்.

பணத்தைக் காட்ட மூன்று வழிகள் உண்டு. 8 லட்சம் பாத் வைப்பு. அல்லது மாதம் 65,000 பாத் வருமானம். அல்லது இரண்டும் கலந்து, ஆண்டு வருமானத்தையும் வைப்பையும் கூட்டினால் 8 லட்சம் வரவேண்டும்.

மாத வருமானம் என்றதும் ஓய்வூதியக்காரர்களுக்கு ஆசை வரும். ஆனால் 65,000 பாத் என்றால் இன்றைய மதிப்பில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கும் மேல். அந்த அளவுக்குப் பென்ஷன் வாங்குகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? அப்படியே வாங்கினாலும், அது மாதாமாதம் வெளிநாட்டிலிருந்து வந்த பணமாகவே இங்குள்ள வங்கிக் கணக்கில் பதிவாக வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் ஒரு மாதம் தவறினாலும் சங்கடம். சில இணையவழிப் பணம் அனுப்பும் சேவைகளில், பணம் இங்குள்ள வேறொரு கணக்கு வழியாக உள்நாட்டுப் பரிமாற்றம் போல வந்து விழும். பாஸ்புக்கில் அதற்கு வேறு குறியீடு அச்சாகும். அனுப்பியது சென்னையிலிருந்துதான் என்று நாம் எவ்வளவு சொன்னாலும் அதிகாரி பார்ப்பது அந்தக் குறியீட்டைத்தான்.

முன்பெல்லாம் அமெரிக்கர்களும் பிரிட்டிஷ்காரர்களும் ஆஸ்திரேலியர்களும் தங்கள் தூதரகத்தில் ஒரு வருமானக் கடிதம் வாங்கிக் கொடுத்தால் போதும். வருமானத்தைத் தூதரகமே சரிபார்த்ததாக உறுதி கொடுக்க வேண்டும் என்ற நிலை வந்ததும், 2018 முடிந்து 2019 தொடங்கும் நேரத்தில் அந்தத் தூதரகங்கள் கடிதம் கொடுப்பதையே நிறுத்திவிட்டன. பத்துப் பதினைந்து வருடங்களாக அந்த ஒற்றைத் தாளை நம்பி இங்கே வீடு, குடும்பம் என்று இருந்தவர்கள் தவித்துப் போனார்கள்.

எங்கள் கட்டடத்தில் ஒரு பிரிட்டிஷ் பெரியவர் இருக்கிறார். அவர் சொன்ன கணக்கு எனக்கு மறக்கவே மறக்காது. 2006 வாக்கில் ஒரு பவுண்டுக்கு 70 பாத் வரை கிடைத்தது. மாதம் 930 பவுண்டு வந்தால் 65,000 பாத்தை எட்டிவிடலாம். 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்குப் பிறகு பவுண்டு 45 பாத்துக்கும் கீழே போனது. அதே 65,000க்கு 1,440 பவுண்டுக்கு மேல் வேண்டும். அவருடைய அரசு ஓய்வூதியமோ உயர்வதே இல்லை. பிரிட்டன் தன் அரசு ஓய்வூதியத்தை எல்லா நாடுகளிலும் ஆண்டுதோறும் உயர்த்திக் கொடுப்பதில்லை. பிலிப்பைன்ஸில் போய் இருந்தால் உயர்வு உண்டு, தாய்லாந்தில் இருந்தால் கிடையாது. வந்த நாளில் என்ன வாங்கினாரோ அதுதான் கடைசி வரை.

நமக்கும் இதே கதைதான். 2015இல் ஒரு பாத் இரண்டு ரூபாய்க்கும் குறைவு. 8 லட்சம் பாத் என்றால் சுமார் 15 லட்சம் ரூபாய். 2025இல் அதே 8 லட்சத்துக்கு ஏறத்தாழ 21 லட்சம் ரூபாய் ஆகிவிட்டது. தாய்லாந்து தொகையை ஒரு பாத் கூட உயர்த்தவில்லை, நமக்கு மட்டும் ஆறு லட்சம் ரூபாய் உயர்ந்துவிட்டது. இதில் இன்னொரு செலவும் ஒளிந்திருக்கிறது. அந்த 21 லட்சத்தை நம் ஊரில் ஏழு சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் ஆண்டுக்கு 1,47,000 ரூபாய் வந்திருக்கும். இங்கே கிடைக்கும் வட்டி அதில் ஒரு சிறு பங்கு. விசா கட்டணம் 1,900 பாத் என்று எழுதியிருப்பார்கள். உண்மையான ஆண்டுக் கட்டணம் இந்தப் போன வட்டிதான் என்று நான் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன். வெளிநாட்டில் ஓய்வு வாழ்க்கை என்று யோசிப்பவர்கள் எல்லாரும் அப்படி எழுதிப் பார்க்க வேண்டும்.

சரி, வைப்பு வழியே போகலாம் என்று முடிவு செய்தால் அடுத்து தேதிக் கணக்கு. முதல் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் நாளில் பணம் வங்கிக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும். கையில் இருப்பது 90 நாள் அனுமதி. அப்படியென்றால் வந்து இறங்கிய முதல் சில வாரங்களிலேயே கணக்குத் திறந்து, பணத்தை வரவழைத்துவிட வேண்டும். வெளிநாட்டவருக்குக் கணக்குத் திறப்பதில் வங்கிகள் இப்போது ரொம்பக் கெடுபிடி காட்டுகின்றன. ஒரே வங்கியின் ஒரு கிளையில் முடியாது என்பார்கள், அடுத்த தெருக் கிளையில் சிரித்துக்கொண்டே திறந்து கொடுப்பார்கள். முதல் கிளையில் முகம் வாடித் திரும்பி வந்துவிட வேண்டாம்.

2019 மார்ச்சுக்கு முன், நீட்டிப்பு கிடைத்த மறுநாளே பணத்தை எடுத்துவிடலாம். அப்போது ஏஜென்ட்டுகள் இதையே தொழிலாகச் செய்தார்கள். பணத்தை உங்கள் கணக்கில் போட்டு, முத்திரை வாங்கி, திரும்ப எடுத்துக்கொள்வார்கள். இப்போது விதி மாறிவிட்டது. விண்ணப்பத்துக்கு முன் இரண்டு மாதம், அனுமதி கிடைத்த பின் மூன்று மாதம் 8 லட்சம் முழுதாக இருக்க வேண்டும். நடுவிலுள்ள ஏழு மாதமும் இருப்பு 4 லட்சத்துக்குக் கீழே போகக்கூடாது. இன்றும் வாடகைப் பணம் தருகிற ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். பாஸ்போர்ட்டில் இருப்பது உங்கள் பெயர், கேள்வி வந்தால் நிற்கப்போவதும் நீங்கள்தான். அறுபத்தைந்து வயதில் அந்நிய நாட்டில் பொய்க் கணக்கைக் காட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா?

அந்த ஏழு மாதத்தில் 4 லட்சத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. நான் எடுப்பதில்லை. இங்குள்ள தனியார் மருத்துவமனைகள் சேர்க்கும்போதே முன்பணம் கேட்கும். அதற்கென்று ஒரு தொகை எப்போதும் இருக்க வேண்டும். பணம் பத்திரமா என்று கேட்பவர்களுக்கு: தாய்லாந்தின் வைப்புப் பாதுகாப்பு முகமை, ஒருவருக்கு ஒரு வங்கியில் 10 லட்சம் பாத் வரை உத்தரவாதம் தருகிறது. நம் எட்டு லட்சம் அதற்குள் அடங்கிவிடும்.

இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் எல்ஆர்எஸ் என்ற ரிசர்வ் வங்கித் திட்டத்தில் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். வரம்பு தாராளம், பிடிப்பது டிசிஎஸ் என்ற முன்வரிதான். 2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகிற தொகைக்கு 20 சதவீதம் பிடிக்கிறார்கள். 21 லட்சத்தை ஒரே மூச்சில் அனுப்பினால் மீதி 11 லட்சத்துக்கு 2,20,000 ரூபாய் தனியாக எடுத்து வைக்க வேண்டும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அது சரிக்கட்டப்படும் அல்லது திரும்பி வரும். ஆனால் அதுவரை பல மாதம் கையில் இருக்காது. மார்ச் மாதக் கடைசியில் ஒரு பாதி, ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு பாதி என்று அனுப்பினால் இரண்டு நிதியாண்டு ஆகிவிடும், முன்வரி மிகக் குறைவாகவே இருக்கும். விசா தேதியையும் இந்த நிதியாண்டு மாறும் நாளையும் பொருத்திப் பார்த்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள்.

இன்னொன்று, தாய்லாந்தில் ஓர் ஆண்டில் 180 நாளோ அதற்கு மேலோ இருந்தால் இங்கே வரி செலுத்தும் வதிவாளர் ஆகிவிடுவோம். 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்தை இங்கே கொண்டுவந்தால் அது எந்த ஆண்டு கொண்டுவந்தாலும் வரிக் கணக்கில் வரும். அந்தத் தேதிக்கு முன்பே ஈட்டிய சேமிப்புக்கு விலக்கு உண்டு. 2023 டிசம்பர் 31 அன்று வங்கியில் எவ்வளவு இருந்தது என்பதற்கான ஸ்டேட்மென்டை எடுத்துப் பத்திரமாக வையுங்கள்.

இனி பெயர் விஷயம். முதலில் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும். ஊர் வங்கியில் ஒற்றை எழுத்து இனிஷியல். பான் கார்டில் அப்பா பெயர் பின்னால் போயிருக்கும். தாய் அதிகாரிக்கு இவை மூன்றும் மூன்று ஆட்கள். கிளம்புவதற்கு முன் எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து மாற்றிக்கொண்டு வாருங்கள். அடுத்தது கல்யாணச் சான்றிதழ். இங்கே ஒருவர் 8 லட்சம் காட்டினால் போதும், கணவனோ மனைவியோ அவரைச் சார்ந்தவராகச் சேர்ந்து இருக்கலாம். தனியாகப் பணம் காட்ட வேண்டியதில்லை. ஆனால் கல்யாணம் ஆனதற்கு அரசுச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயம் ஆனது 2009இல். எண்பதுகளில் தாலி கட்டிய எங்களுக்கெல்லாம் இருப்பது மஞ்சள் தடவிய பத்திரிகையும் கறுப்பு வெள்ளை ஆல்பமும்தான். சார்பதிவாளர் அலுவலகத்தில் இந்துத் திருமணச் சட்டப்படி இப்போதும் பதிந்துகொள்ளலாம். சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே அதை முடித்துவிடுவது நல்லது.

ஒருவர் காட்டினால் போதும் என்ற இந்தச் சலுகை பார்க்க வசதியாக இருக்கும். அதனாலேயே எல்லாரும் கணவன் பேரில் பணத்தைப் போட்டுவிட்டு, மனைவியைச் சார்ந்தவராகச் சேர்த்துவிடுகிறார்கள். கூட்டுக் கணக்கும் ஒத்துவராது. அதில் பாதியைத்தான் ஒருவருடையதாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால் பெரும்பாலான அலுவலகங்களில் தனிப்பெயர்க் கணக்கே கேட்கிறார்கள்.

கோவைக்காரர் ஒருவர் எங்களுக்கு நல்ல பழக்கம். சீலோம் மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை தவறாமல் பார்ப்போம். கணக்கு வழக்கில் கெட்டிக்காரர். ஒவ்வொரு வருடமும் புதுப்பிப்பு நாளன்று காலையில் வங்கி திறந்ததும் 100 பாத் போட்டு, பாஸ்புக்கில் அன்றைய தேதியை ஏற்றி, அதே தேதியில் வங்கிக் கடிதமும் வாங்கிக்கொண்டு, எல்லாப் பக்கத்துக்கும் ஜெராக்ஸ் எடுத்து நீல மையில் கையெழுத்துப் போட்டு, சேங் வத்தனா அரசு வளாகத்திலுள்ள குடிவரவு அலுவலகத்துக்குப் போய்விடுவார். நானும் ஒரு முறை கூடப் போனேன். அதிகாரிப் பெண்மணி பாஸ்புக்கைப் புரட்டி, ஒவ்வொரு மாதத்திலும் மிகக் குறைவாக இருந்த இருப்பைத் தேடிப் பென்சிலால் வட்டம் போட்டார். எல்லா வட்டத்துக்குள்ளும் 8 லட்சத்துக்கு மேலேயே இருந்தது. "இவர் ரொம்ப ஒழுங்கு" என்று தாய் மொழியில் பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னார்.

அந்த நண்பர் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். மருத்துவமனைக் கணக்கைப் பிள்ளை கோவையிலிருந்து அனுப்பிக் கட்டினான். காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் மனைவியோடு நானும் என் மனைவியும் வங்கிக்குப் போனோம். இறப்புச் சான்றிதழைக் காட்டினோம். கிளை மேலாளர் எழுந்து நின்று கைகூப்பி வணங்கினார். அப்புறம் மிக மெதுவாகச் சொன்னார்: இந்தக் கணக்கு இந்த நிமிடம் முதல் முடக்கப்படுகிறது, நீதிமன்றம் சொத்து நிர்வாகியை நியமித்து ஆணை தந்தால்தான் பணம் வெளியே வரும். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, சட்டம் அதுதான்.

அந்தம்மா என்னைப் பார்த்து, "அண்ணா, அது எங்க பணம்தானுங்களே. பீளமேட்டுல இருந்த சைட்டை வித்துப் போட்டதுங்க. நானும் கையெழுத்துப் போட்டேனுங்களே" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? ஏடிஎம் ரகசிய எண் அவருக்குத் தெரியும். முதல் நாளே யாரோ எடுத்துவிடச் சொல்லியும் இருக்கிறார்கள். இறந்தவர் கணக்கிலிருந்து எடுப்பது சட்டத்துக்கு விரோதம் என்று அவர் எடுக்கவில்லை. அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்.

அதோடு முடியவில்லை. அவருடைய விசா கணவரைச் சார்ந்தது. அடுத்த நீட்டிப்புக்கு அவரே 8 லட்சம் காட்ட வேண்டும், அதுவும் இரண்டு மாதம் முன்பே அவர் பேரில் இருந்திருக்க வேண்டும். பணமோ பூட்டிக் கிடக்கிறது. வாரிசுச் சான்றிதழ் கோவையிலிருந்து வரவேண்டும், கல்யாணச் சான்றிதழ் வேண்டும், பிள்ளைகளின் சம்மதம் வேண்டும். எல்லாவற்றையும் தாய் மொழியில் பெயர்த்து, வெளியுறவு அமைச்சகத்தில் சான்றொப்பம் வாங்க வேண்டும். தங்கும் காலம் முடிந்த பின் நின்றால் நாளொன்றுக்கு 500 பாத் அபராதம். கணவரைப் பறிகொடுத்து, வீட்டுப் பாத்திரங்களைக் கூட எடுத்துவைக்கத் தெம்பில்லாமல் இருந்த ஒரு பெண் முப்பது நாளுக்குள் எத்தனை மேசைக்குத்தான் அலைவார்? ஊருக்கே திரும்பிப் போய்விட்டார். வழக்கறிஞர் மூலம் பணம் பின்னர் கிடைத்தது. ஆனால் அவர் இங்கேயே இருக்கத்தான் விரும்பினார். இங்கே சந்தையில் பேரம் பேசும் அளவுக்குத் தாய் மொழி கற்றிருந்தார், காலை நடைக்கு நான்கு தோழிகள் இருந்தார்கள்.

அதனால் கணவன் மனைவியாக வரும் எல்லாரிடமும் நான் மன்றாடிக் கேட்பது இதுதான். மனைவிக்கும் 50 வயது ஆகியிருந்தால், வசதி இருந்தால், அவர் பேரிலும் ஒரு 8 லட்சம் போட்டுத் தனி விசாவாகவே எடுங்கள். ஒரே ஒரு 8 லட்சம்தான் முடியும் என்றால், இருவரில் யார் பின்னால் அதிக காலம் இருக்க வாய்ப்போ அவர் பேரில் போடுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் அது மனைவிதான். கணவர் சார்ந்தவராக இருக்கட்டும், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. இங்குள்ள வழக்கறிஞரிடம் தாய் மொழியில் ஓர் உயில் எழுதி, நிர்வாகி யார் என்று பெயர் குறிப்பிடுங்கள். நீதிமன்ற வேலை அப்போதும் உண்டு, ஆனால் குறையும். மனைவி பேரில் வேறொரு வங்கியில் ஆறு மாதச் செலவுக்கான தொகை தனியாக இருக்கட்டும்.

தாய்லாந்தே கதி என்றும் நான் சொல்லவில்லை. மலேசியாவில் எம்எம்2எச் என்ற நீண்டகாலக் குடியிருப்புத் திட்டத்தை நம்பிய நம்மவர்கள் நிறைய. மொழி, சாப்பாடு, கோயில் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும் நாடு. 50 வயது தாண்டியவருக்கு 1,50,000 ரிங்கிட் வைப்பு என்று இருந்ததை 2021இல் ஒரேயடியாக 10 லட்சம் ரிங்கிட் ஆக்கினார்கள், மாத வருமானம் 10,000 ரிங்கிட்டிலிருந்து 40,000 ஆனது. 2024இல் மறுபடியும் மாற்றி, வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று பிரித்து, வெள்ளிக்கே 1,50,000 டாலர் வைப்பும் வீடு வாங்குவதும் கட்டாயம் என்றார்கள். தாய்லாந்து இந்த விஷயத்தில் பரவாயில்லை. 1998 அக்டோபர் 21க்கு முன் வந்து, தொடர்ந்து ஓய்வு அனுமதியிலேயே இருப்பவர்களுக்குப் பழைய குறைந்த தொகையையே இன்றும் ஏற்றுக்கொள்கிறார்கள். இருந்தாலும் நாளைக்கு எட்டு லட்சம் என்ன ஆகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஊரில் உள்ள வீட்டை விற்றுவிட்டு வருகிறேன் என்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. வாடகைக்கு விடுங்கள், விற்காதீர்கள்.

எங்கள் வீட்டிலும் இப்போதுதான் மாற்றிக்கொண்டிருக்கிறோம். நாங்கள் வெளிநாட்டில் வசிப்பவர்கள் ஆகிவிட்டதால் ஊர்க் கணக்குகள் என்ஆர்ஓ என்ற வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காகிவிட்டன. அதிலிருந்து அனுப்ப ஆடிட்டர் சான்றிதழ் வேண்டும், அதை மயிலாப்பூரில் உள்ள எங்கள் ஆடிட்டர் போன வாரம் கொடுத்துவிட்டார். போன திங்கட்கிழமை என் மனைவி பேரில் கணக்குத் திறந்தோம். பணம் வந்து இரண்டு மாதம் ஆனதும் அவர் தனியாக விண்ணப்பிப்பார். டோக்கன் எடுப்பதிலிருந்து பாஸ்புக் பக்கங்களில் கையெழுத்துப் போடுவது வரை எல்லாவற்றையும் அவரே செய்யப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.